ஊசி காத்திருக்காது

எங்கள் தெருவில் பெண்கள் இப்போது பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று சின்ன வயதுக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசவும் வராது. நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எழுதுகிறபோது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நெமிலிச்சேரியில், ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. எங்கள் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை இருந்தவரைக்கும் குவார்ட்டர்ஸ். அதற்கப்புறம், அங்கே அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பலரும் இங்கே ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டோம். அதனால் தெருவில் பாதி பழகின முகம். சேலத்துக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் புருஷனும் அதே தொழிற்சாலைதான். அவள் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். நான் பேசினால் எனக்கே கேட்காது.

எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு ஆண் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுப் பெண் உட்காருவாள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நான் கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் என் மாமியார் சாப்பிடாமல் இருந்தார், நானும் சாப்பிடாமல் இருந்தேன், அப்படியே பழகிவிட்டது. மாமியார் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

அவருக்கு ஷிஃப்டு வேலை. மத்தியான ஷிஃப்டு முடிந்து வருகிறபோது குவார்ட்டர்ஸே தூங்கியிருக்கும். நான் சோற்றை மூடி வைத்துவிட்டு, வயிற்றில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து கால் கழுவிக்கொண்டே, கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக அத்தனை நேரம் பட்டினி இருந்திருக்கிறேன். அப்புறம் தனியாக உட்கார்ந்து ஆறின சோற்றைச் சாப்பிடுவேன். அதைத் தப்பென்று நினைத்ததில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. ரொம்ப நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்தால் கால் இருப்பதே தெரியாமல் போகுமே, அந்த மாதிரி.

ஒரு தடவை ஆவடியில் ஏதோ பொதுக்கூட்டம். சங்கத்து ஆட்களோடு அவரும் போயிருந்தார். வெகுநேரம் கழித்து வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்குப் பேசினவர் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்பதை எவ்வளவு அழகாக எடுத்து வைத்தார் என்று எனக்கு விவரமாகச் சொன்னார். கைதட்டல் அடங்கவே இல்லையாம். நான் பசியோடு நின்று கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினேன். நல்ல பேச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும். கேட்க எனக்கும் பிடித்திருந்தது. அந்தப் பேச்சுக்கும் என் பசிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைக்கக் கூடாது. சாப்பிடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னவர் இல்லை. நான் எப்போது சாப்பிடுகிறேன் என்பதை அவர் கவனித்ததில்லை, அவ்வளவுதான். தட்டு வந்தது, சாப்பிட்டார், எழுந்தார்.

பிறகு மருமகள் வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். நிற்கும் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வேகம் குறையும், நாம்தான் ஏறிக்கொள்ள வேண்டும். அவள் ஒரு கையில் தோசையும் ஒரு கையில் சீப்புமாக, மாமனாருக்கும் புருஷனுக்கும் முன்னால் சாப்பிட்டுவிட்டு ஓடுவாள். முதல் வாரம் இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பஸ் போய்விடும் என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது. பஸ்ஸோடு யார் சண்டை போட முடியும்?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாதே. அன்றைக்கு அவளும் என்னோடு அடுப்படியில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது, அத்தையும் எல்லாரோடும் சேர்ந்து உட்காரட்டுமே என்று மாமனாரிடம் கேட்டும் விட்டாள். யார் வேண்டாம் என்றது, உட்காரச் சொல் என்றார் அவர். மகன், மருமகள், வீட்டுக்காரர் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கூச்சத்தில், பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, காயாத துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். நல்ல பெண்தான், எனக்காகத்தான் பேசினாள். ஆனால் அவள் பேசப் பேச நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இவருக்கும் முகம் சுண்டிப்போனது. சொந்த வீட்டிலேயே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டதாக நினைத்தார். கடைசியில் அவள் விட்டுவிட்டாள். கம்பெனியிலிருந்து போன் செய்து, "சாப்டீங்களா அத்த?" என்று மட்டும் கேட்பாள். "ஆச்சும்மா" என்பேன். பாதி நாள் அது பொய்.

சர்க்கரை வியாதி வந்தபோதும் எங்கள் தெருவில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஏற்கெனவே எல்லா வீட்டிலும் வந்திருந்தது. மாத்திரை போதாமல் எனக்கு ஊசிக்கு மாற்றினார்கள். காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அந்த மருந்து இருக்கும்.

ராத்திரிக்குத் தொந்தரவில்லை; அவர் சாப்பிட உட்காரும் நேரம் எனக்குத் தெரியும். காலைதான் சிக்கல். அவர் நடைப்பயிற்சிக்குப் போய், டீக்கடையில் பழைய தொழிற்சாலை ஆட்களோடு உலகத்தையே அலசி முடித்துவிட்டு, வெயில் ஏறின பிறகுதான் வருவார். முதலில் அவர் வருகிறவரை ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிட்டது. பட்டாபிராம் டாக்டரம்மா சத்தம் போட்டார்கள். தினமும் ஒரே நேரத்துக்கு ஊசி, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு, இனி தவறக் கூடாது என்றார்கள்.

பயந்துபோய், மறுநாளிலிருந்து ஊசியைச் சரியான நேரத்துக்குப் போட ஆரம்பித்தேன். சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொன்ன மீதிப் பாதி என் காதில் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்ல முடியாது. ஊசி டாக்டரம்மா பாடு, சாப்பாடு வீட்டுப் பாடு என்று என் மனசு தானாகவே பிரித்து வைத்துக்கொண்டது. கொஞ்ச நாள் ஒரு மாதிரி தலைசுற்றலோடு ஓடியது. அவர் வந்துவிடுவார், சாப்பிடுவார், நானும் சாப்பிடுவேன், சரியாகிவிடும்.

அன்றைக்கு அவர் ஆவடிக்குப் போனார். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடுதான் இருக்கிறோம் என்று போய்க் காட்ட வேண்டும். சீக்கிரம் போனால் சீக்கிரம் முடியும், வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காபியோடு கிளம்பினார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து ஊசி போட்டுக்கொண்டேன். இட்லியை ஹாட் பாக்ஸில் எடுத்து வைத்தேன். சட்னி அரைத்தேன். காத்திருந்தேன்.

முதலில் விரல் லேசாக நடுங்கியது. பிறகு பிடரியில் வேர்த்தது. ஜாக்கெட் நனைந்தது. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஊசி போடக் கற்றுத்தந்த நர்ஸ் எல்லாம் சொல்லியிருந்தாள். ஹாட் பாக்ஸ் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இதோ வந்துவிடுவார் என்று நினைத்தேன். கேட் சத்தம் கேட்டதும் எழுந்துகொள்ளலாம் என்று ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் கேட் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். எங்கள் வீட்டுச் செடி அவளுக்கும் சேர்த்துத்தான். கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், நேரே அடுப்படிக்கு வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விஷயம் புரிந்தது, அவளும் சர்க்கரைக்காரிதான். பேத்தியின் பாலுக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்து, தண்ணீரில் விரலாலேயே கலக்கி, என் தலையை நிமிர்த்திப் பிடித்து மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். கொஞ்சங்கொஞ்சமாக அடுப்பு அடுப்பாகவும் ஜன்னல் ஜன்னலாகவும் திரும்பி வந்தன.

ஹாட் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். இட்லி அப்படியே இருந்தது.

"இன்னாக்கா நீ, இத்த மூடி வெச்சிகினு யாருக்குக் காவல் கீற?"

அவள் என்னைப் பார்த்தாள், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய சட்டையைப் பார்த்தாள். தட்டில் இட்லி வைத்து என் மடியில் வைத்தாள்.

"துன்னு. அண்ணன் வந்தா நான் பேசிக்கிறேன்."

தரையில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டேன். கல்யாணமான நாளாக அவருக்கு முன்னால் நான் சாப்பிட்ட முதல் காலை அது. சட்னிக்கு உப்பு பற்றவில்லை என்பதைக்கூட அன்றைக்குத்தான் நான் முதலில் கண்டுபிடித்தேன். எப்போதும் அதை அவர்தான் சொல்லுவார்.

நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அவள் என் எதிரிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அப்புறம், தெருவுக்கே கேட்கிற தன் குரலைத் தணித்துக்கொண்டு, ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்கும் காலை ஊசிதான். ஊசி போட்டதும், வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி இரண்டு இட்லியை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாளாம். பிறகு புருஷன் சாப்பிட்டு எழுந்ததும், தட்டுப் போட்டு உட்கார்ந்து பேருக்கு ஒன்று. வருஷக்கணக்காக இப்படித்தானாம்.

அவ்வளவு வாயாடுகிறவள், கொடுக்கல் வாங்கலானாலும் குழாய்ச் சண்டையானாலும் யாருக்கும் அஞ்சாதவள், இதை மட்டும் ஒளித்துச் செய்திருக்கிறாள். எனக்கு நம்ப முடியவில்லை. எதற்கு ஒளிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள். "எங்க ஊட்டுக்காரு எப்பப் பாத்தாலும் உன்னத்தான் காட்டுவாரு. எதிர்த்தாப்ல அந்தக்காவ பாரு, அண்ணன் வர வரிக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னு. நீ இப்டிக் கீற, நான் மட்டும் எப்டி முன்னாடி துன்றது?"

யாரையும் ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை நான். யார் வீட்டிலும் எட்டிப் பார்த்தவள் இல்லை. சும்மா பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பேசாமல் இருந்ததே எதிர்வீட்டில் ஒருத்தியை நின்றுகொண்டு திருட்டு இட்லி தின்ன வைத்திருக்கிறது. நானோ முனைவீட்டுச் சேலத்தம்மாவுக்குப் பயந்து இருந்தேன். நெற்றி நிறைய விபூதியும் அமாவாசை விரதமுமாக இருக்கிற அந்தம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று.

வெயில் நன்றாக ஏறின பிறகு அவர் வந்தார். ஆவடியில் மெஷின் அவர் விரலை ஏற்கவில்லையாம். லேத்தில் தேய்ந்து தேய்ந்து ரேகையே வழவழவென்று போய்விட்டது. ஒவ்வொரு விரலாக வைத்துத் துடைத்து, மறுபடியும் வைத்து, கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லி, ஒருவழியாக உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள் என்று சிரித்தபடி உள்ளே வந்தார். எதிர்வீட்டுக்காரி நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது.

அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"நான் எப்பனா உன்னக் காத்திருக்கச் சொன்னேனா?"

இல்லை என்று தலையாட்டினேன். சொன்னதில்லைதான். வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அதை நான் சொல்லவில்லை, ஆனால் அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே சாப்ட்டுடு" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் மறுநாள் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தொடாமல் கேட்டையே பார்த்தேன். கடைசியில் நானும் எதிர்வீட்டுக்காரி மாதிரி நின்றுகொண்டு, வாயில் அடைத்து விழுங்கினேன். ஒருநாள் அவர் குடை எடுக்கத் திடுமென்று திரும்பி வந்தபோது தட்டைக் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சொந்த வீட்டில் திருடி மாதிரி இருந்தது.

எங்கள் தெருமுனையில் பூங்கா என்று ஒரு பலகையும் நாலைந்து சிமென்ட் பெஞ்சுகளும் உண்டு. சாயங்காலம் நடந்து முடித்துவிட்டுப் பெண்கள் அங்கேதான் உட்காருவோம். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி எல்லாரும் இருக்கும்போது என் மயக்கக் கதையை எடுத்துவிட்டாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளாத குறை. சொல்லி முடித்துவிட்டு, நானும் இந்த அக்காவும் திருட்டு இட்லிக் கேஸு, இங்கே வேறு யாரெல்லாம் என்று கேட்டாள்.

ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு திருநெல்வேலிக்காரி மெதுவாகச் சிரித்தாள். அவள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து அதன் பின்னால் நின்று சாப்பிடுவாளாம். கூடத்திலிருந்து பார்த்தால் காய்கறி தேடுகிற மாதிரி இருக்கும். குளிரில் கைதான் விறைக்கும் என்றாள். அவள் சொன்னது கூடப் பெரிதில்லை. முனைவீட்டுச் சேலத்தம்மா, நான் பயந்துகொண்டிருந்த அதே அம்மா, விபூதியைத் துடைத்து விட்டுக்கொண்டே, "என்ர ரஸ்க்கு பாக்கெட்டு துணி காயப்போடுற கிளிப்புப் பையில கெடக்குதுங்க. மாடிக்குப் போனாத்தான் எனக்கு நாஷ்டா" என்றார்கள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மார்மேல் இருந்து யாரோ அம்மிக்கல்லை எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அந்த வழக்கம் எந்த வீட்டில் இருந்தது? ஒரு வீட்டிலும் இல்லை. எல்லா அடுப்படியிலும் அது எப்போதோ செத்துப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் ஆளாளுக்கு அதற்குக் காவல் இருந்திருக்கிறோம்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் எதிர்வீட்டுக்காரியின் பேத்திக்குக் காது குத்தினார்கள். மாப்பிள்ளை வீடு நசரத்பேட்டைப் பக்கம். பெங்களூர் ரோட்டோரம் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். எங்கள் தெருவே ஒரு வேனில் விடியற்காலையில் வெளிவட்டச் சாலை வழியாகப் போய் இறங்கியது. எங்கள் நாலு பேர் ஊசி மருந்தையெல்லாம் ஐஸ் போட்ட ஒரே ஃபிளாஸ்க்கில் எதிர்வீட்டுக்காரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியானதும் பந்தி போட்டார்கள். ஆண்கள் முதலில் உட்கார வேண்டும் என்று மண்டபத்தில் சட்டம் ஏதும் கிடையாது. இருந்தாலும் எங்கள் ஆட்கள் விசேஷம் என்றால் முதல் பந்தியில் ஆண்கள் போய் உட்காருவார்கள், பெண்கள் குழந்தையை வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. எதிர்வீட்டுக்காரி, அவளைப் போலவே ஊசி போடுகிற எங்கள் மூன்று பேரையும், என்னையும் திருநெல்வேலிக்காரியையும் சேலத்தம்மாவையும், மணமகள் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

"எல்லாம் போட்டுக்கங்க" என்றாள். "போட்டுகினா அப்பால உக்காந்துதான் ஆவணும். வேற வயி இல்ல."

அதைக் கேட்டதும் என் கை பின்வாங்கியது. அடுத்த பந்திக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று முணுமுணுத்தேன். அப்படித் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் இப்போதே போடச் சொல்கிறாள் என்பது அவள் பார்வையில் தெரிந்தது. ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து வேர்த்து உட்கார்ந்திருந்த காலையை நினைத்துக்கொண்டேன். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தளர்த்தி ஊசியைப் போட்டுக்கொண்டேன். நாலு கிழவிகள் நிலைக்கண்ணாடி முன்னால் வரிசையாக நின்று வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டோம்.

பந்திக்குள் நுழைந்தபோது என் கண் தரையில் இருந்தது. மேற்பார்வைக்கு நின்றது எதிர்வீட்டுக்காரியின் மூத்தார், புருஷனுக்கு அண்ணன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"லேடீஸ்லாம் அடுத்த பந்திமா. ஆம்பளைங்க முடிச்சிக்கட்டும்."

"ஊசி போட்டுகினு கீறோம் மாமா" என்றாள் அவள். "அது அடுத்த பந்தி வரிக்கும் நிக்காது. நாலு பேரும் ஒண்ணா உயுந்தா நீதான் தூக்கணும், பாத்துக்க."

அவர் எங்களை ஒரு தடவை பார்த்தார். அவளை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார்.

"உன்ன ஒருத்தியத் தூக்கவே கிரேன் வோணும். போ, போய் உக்காரு."

பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் நான் உட்கார்ந்துவிட்டேன். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். பொங்கலும் வடையும் வந்தன. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. எதிர் வரிசையில், எனக்கு நேராகக் கொஞ்சம் தள்ளி, எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பது பார்க்காமலே தெரிந்தது.

அப்போது என் தோளை யாரோ தொட்டார்கள். மருமகள். சுவரோரம் மற்றச் சின்னப் பெண்களோடு நின்றிருந்தவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். என் ஒரு பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"அத்த, எனக்குச் சுகர்லாம் இல்ல. பசிக்குது. உக்காரட்டுமா?"

முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்காகக் கேட்ட கேள்வி. இப்போது தனக்காக என்னிடம் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பது நான் என்பது எனக்கே விசித்திரமாக இருந்தது. நாற்காலியைக் கையால் இழுத்துவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அவளுக்குப் பின்னால் நின்றவள் வந்தாள், இன்னொருத்தி வந்தாள். அவர்கள் யாரிடமும் ஊசி போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை.

கேசரி வாளியோடு பரிமாறுகிறவர் என் இலைக்கு வந்து கரண்டியை முக்கினார். எதிர் வரிசையிலிருந்து பழக்கமான குரல் கேட்டது.

"இந்தாப்பா, அந்தம்மா எலைக்குக் கேசரி வெக்காத. சுகர்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் பொங்கலைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில், நான் சாப்பிடுவதை அவர் பார்த்தது அன்றைக்குத்தான். பொங்கலில் மிளகு கொஞ்சம் தூக்கல். எனக்குப் பிடித்திருந்தது, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காலையில் தட்டை நான் ஒளிக்கவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் வரும்போது என் சாப்பாடு முடிந்திருக்கும். அவருக்குப் பரிமாறிவிட்டு நான் வேறு வேலை பார்ப்பேன். ஒரு வாரம் போனது. ஒருநாள் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். என்னவென்று கேட்டேன். தனியாகச் சாப்பிட என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினேன்.

மறுநாள் டீக்கடைப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். நான் அப்போதுதான் ஊசி போட்டு முடித்திருந்தேன், சாப்பிட அரை மணி ஆக வேண்டும். கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். இட்லி ஆவி பறக்க நடுவில் இருந்தது. எடுக்கப் போனவர், என் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பொறுத்தார். சட்னியை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.